விளைபொருளில் நச்சு இருக்கிறதா? விரைவுச் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் பிடிபடாததால் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். தேடிப் போனபோது தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கு சிக்கியது. அதில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை சுரந்த நச்சைத்தான் இன்று அஃப்ளாடாக்சின் என்கிறோம். 2004-ல் கென்யாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் 317 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது; அவர்களில் 125 பேர் இறந்தார்கள். இப்படி உடனே கொல்வது அரிது. சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து கல்லீரல் புற்றுநோய்க்கு வழி செய்வதே இதன் வழக்கமான வேலை.

இன்று பத்து நிமிடங்களில் இந்த நச்சைக் காட்டும் சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன. தானியம் வாங்குபவர், சேமிப்புக் கிடங்கு நடத்துபவர், தீவனம் தயாரிப்பவர், உழவர் உற்பத்தியாளர் குழு என யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பட்டை சொல்வது அதன் மீது விழுந்த சில துளிகளைப் பற்றி மட்டுமே. அந்தத் துளிகள் பத்து டன் சரக்கின் நிலையைக் காட்டுமா காட்டாதா என்பது பட்டையைப் பிரிப்பதற்கு வெகு நேரம் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் மாதிரி எடுப்பதற்கும் அரைப்பதற்கும் அதிக இடம் தருகிறேன். விளக்கத்துக்கு முதன்மையாக அஃப்ளாடாக்சினை எடுத்துக்கொள்கிறேன். பிறகு பூச்சிக்கொல்லி எச்சம், கடைசியாக மற்றவை.

முதல் படி: எதைத் தேடுகிறீர்கள், எந்த வரம்புக்கு எதிராக?

'மாசு இருக்கிறதா' என்ற கேள்விக்கு எந்தச் சோதனையாலும் பதில் சொல்ல முடியாது. 'இந்த மக்காச்சோளத்தில் மொத்த அஃப்ளாடாக்சின் இந்த வரம்பைத் தாண்டுகிறதா' என்று கேட்டால் பதில் உண்டு. எனவே பயிர், மாசு, வரம்பு மூன்றையும் முதலில் தாளில் எழுதுங்கள்.

வரம்புகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மனித உணவுக்கு மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணப்படும் நிலக்கடலைக்கு அது 4 மைக்ரோகிராம். அதிலும் அஃப்ளாடாக்சின் வகைகளில் ஒன்றான பி1 மட்டும் 2-ஐத் தாண்டக் கூடாது. மேலும் பதப்படுத்தவிருக்கும் நிலக்கடலைக்கு சர்வதேச உணவுத் தரக் குழுமமான கோடெக்ஸ் 15 மைக்ரோகிராம் என்கிறது. கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்பதும் ஒரு பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) என்பதும் ஒன்றே. 20-ல் தொடங்கி அளவிடும் சோதனைத் தொகுப்பை, அதாவது கிட்டை, வாங்கி வைத்துக்கொண்டு 4 என்ற வரம்புக்குச் சோதிக்க முடியாது. வாங்கும் முன் அட்டைப் பெட்டியில் இரண்டு விவரங்களைப் பாருங்கள்: அளவிடும் எல்லை, எந்தெந்த விளைபொருளுக்கு அந்த கிட் சரிபார்க்கப்பட்டது. மக்காச்சோளத்துக்குச் சரிபார்த்த கிட் எண்ணெய் நிறைந்த கடலையிலோ நிறம் மிகுந்த மிளகாயிலோ அதே எண்ணைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

பூஞ்சை நச்சு சரக்கு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்க, எங்கோ சிலவற்றில் மட்டும் நச்சு குவிந்திருக்கும். நிலக்கடலையில் தனியொரு பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவுகூட அளக்கப்பட்டிருக்கிறது. அதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அப்படிப்பட்ட பருப்பு ஒன்றின் எடை அரை கிராம் என்றால் அதில் 500 மைக்ரோகிராம் நச்சு இருக்கும். ஒரு டன் கடலையில் இத்தகைய பருப்புகள் இருபது இருந்தால் சரக்கின் உண்மையான சராசரி கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். நீங்கள் அந்தக் குவியலில் இருந்து 200 கிராம் மட்டும் அள்ளினால், ஏறக்குறைய 250-ல் 249 முறை அந்த இருபதில் ஒன்றுகூட உங்கள் கைக்கு வராது; சோதனை 'சுத்தம்' என்று சொல்லும். வந்துவிட்டாலோ 2,500 என்று காட்டும். இரண்டு விடையிலும் உண்மை இல்லை. பட்டையில் எந்தக் குறையும் இல்லாமலே இது நடக்கும். மொத்தப் பிழையில் பெரும்பங்கு மாதிரி எடுப்பதில்தான் விளைகிறது என்று இத்துறையின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. சரக்கின் பல இடங்களில் இருந்து சிறு சிறு அளவாக எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பெரிய நிலக்கடலைச் சரக்குகளுக்கு ஐரோப்பிய விதிகள் 100 சிறு மாதிரிகள் எடுத்து 20 கிலோ கூட்டு மாதிரி சேர்க்கச் சொல்கின்றன. தானியத் துகள் கடலையைவிடச் சிறியது, ஒரு கிலோவில் அதிக மணிகள் இருக்கும் என்பதால், 10 கிலோ கூட்டு மாதிரி போதுமானதாகக் கருதப்படுகிறது. சிறிய சரக்குக்கு இவ்வளவு தேவையில்லை என்றாலும் விதி மாறாது: ஒரே இடத்தில் நிறைய அள்ளுவதைவிடப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது மேல்.

மூட்டைகள் என்றால் மேல் வரிசை, நடு, அடி, ஓரம் என எல்லா நிலையிலும் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, உள்ளே செருகித் தானியம் எடுக்கும் குழல் கருவியால் குறுக்காகக் குத்தி எடுங்கள். வாயருகே கையால் அள்ளுவது மாதிரி ஆகாது. லாரியில் கொட்டிய சரக்கு என்றால் நீண்ட குழலை அடிவரை இறக்க வேண்டும். பயணக் குலுக்கலில் நொறுங்கலும் தூசியும் கீழே இறங்கியிருக்கும், அவற்றில்தான் நச்சு மிகுதி. இறக்கும்போதோ ஓடும் பட்டையிலோ தானியம் நகர்ந்துகொண்டிருக்கையில் சீரான இடைவெளியில் ஓட்டம் முழுவதையும் குறுக்காக வெட்டி எடுக்க வாய்ப்பு இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

மாதிரியை நீங்களே பார்த்துச் 'சீராக்க' வேண்டாம். கறுத்த மணியைப் பொறுக்கி எறிவதும் தவறு, வேண்டுமென்றே கறுத்ததை மட்டும் சேர்ப்பதும் தவறு. சரக்கில் இருப்பது இருக்கும்படியே வரட்டும். மாதிரியைத் துணிப் பையிலோ தாள் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் உள்ள தானியத்தை நெகிழிப் பையில் மூடி வெயிலில் விட்டால், ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை அங்கேயே வளர்ந்துவிடும்.

மூன்றாம் படி: அரைத்தல், பங்கிடுதல்

கூட்டு மாதிரி முழுவதையும் அரைக்க வேண்டும். இங்கேதான் பலரும் குறுக்கு வழி தேடுகிறார்கள்: 10 கிலோ சேர்த்துவிட்டு, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து மிக்சியில் அரைப்பது. அப்படிச் செய்தால் நூறு இடங்களில் எடுத்த உழைப்பு அத்தனையும் வீண். முழு மணிகளாக இருக்கும்வரை நச்சுள்ள மணி ஒரு பக்கமே விழும். மாவான பிறகுதான் அது எல்லாப் பங்குக்கும் பிரியும்.

எவ்வளவு நைசாக? பல கிட் தயாரிப்பாளர்கள் மாவில் முக்கால் பங்காவது 20 மெஷ் சல்லடையில், அதாவது சுமார் 0.85 மில்லிமீட்டர் கண்ணில், இறங்க வேண்டும் என்கிறார்கள். வாரம் ஒருமுறை சல்லடையில் சலித்து எடை போட்டுப் பாருங்கள். அரவை இயந்திரத்தின் பல் தேய்வதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எடைதான். கடலை அரைக்கும்போது எண்ணெய் விட்டுப் பசையாகும். குளிரவைத்து, விட்டுவிட்டு அரைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். தண்ணீர் சேர்த்துக் குழம்பாக அரைக்கும் முறையும் உண்டு, அதில் கலப்பு இன்னும் சீராக இருக்கும்.

அரைத்த மாவை நன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேவையான அளவு வரும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். இப்போதே ஒரு பங்கைத் தனியாக மூடி, முத்திரையிட்டு, எண் எழுதிக் குளிரில் வைத்துவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் பேசப்போவது அந்தப் பொட்டலம்தான்.

ஒரு மாதிரி முடிந்து அடுத்ததை அரைக்கும் முன் இயந்திரத்தைத் துடைத்து, புதிய மாதிரியில் சிறிதளவை ஓட்டி வெளியே தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். அதிக நச்சுள்ள மாதிரிக்குப் பின் வந்த சுத்தமான மாதிரி தவறாக மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாவுத் தூசியைச் சுவாசிக்காமல் இருக்க முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அஃப்ளாடாக்சின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வைக்கப்பட்ட பொருள்.

நான்காம் படி: நச்சைக் கரைத்து எடுத்தல்

மாவில் இருக்கும் நச்சைக் கரைசலுக்குக் கொண்டுவர, பெரும்பாலும் 70 பங்கு மெத்தனாலும் 30 பங்கு தண்ணீரும் கலந்த கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு கரைப்பான். தண்ணீரும் ஒரு சிறு பொடியும் மட்டுமே தேவைப்படும் புதிய கிட்களும் வந்துள்ளன. கையாளப் பாதுகாப்பானவை என்பதால் வாய்ப்பு இருந்தால் அவற்றையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கையேட்டில் மூன்று நிமிடம் வேகமாகக் குலுக்கச் சொன்னால் மூன்று நிமிடமும் குலுக்க வேண்டும். அரைகுறையாகக் குலுக்கினால் நச்சு மாவிலேயே தங்கிவிடும், சோதனை குறைவாகக் காட்டும். படியவிட்டு வடிதாளில் வடிகட்டி, கையேடு சொல்லும் விகிதத்தில் நீர்க்கச் செய்யுங்கள். மெத்தனால் செறிவாகவே பட்டைக்குப் போனால் அதிலுள்ள ஆன்டிபாடிகள் (நச்சைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) செயலிழக்கும்.

ஐந்தாம் படி: பட்டையை வைத்தல், படித்தல்

கிட்டைக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே உறையைக் கிழியுங்கள். இல்லாவிட்டால் பட்டையில் ஈரம் படியும். குறிப்பிட்ட அளவை பிப்பெட்டால் விட்டு, கடிகாரத்தைத் தொடங்குங்கள்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. அஃப்ளாடாக்சின் மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் இந்தப் பட்டை போட்டி முறையில் இயங்குகிறது. பட்டையில் நிறத் துகள் ஒட்டிய ஆன்டிபாடிகள் இருக்கின்றன. மாதிரியில் நச்சு இல்லையென்றால் அவை நேராகச் சென்று சோதனைக் கோட்டில் ஒட்டி நிறம் காட்டும். நச்சு இருந்தால் அது ஆன்டிபாடியை முன்பே பற்றிக்கொள்வதால் கோடு மங்கும், அல்லது தோன்றவே செய்யாது. அதாவது இரண்டு கோடுகள் தெரிந்தால் நச்சு வரம்புக்குக் கீழே. கட்டுப்பாட்டுக் கோடு (பட்டை சரியாக ஓடியதைக் காட்டும் இரண்டாவது கோடு) மட்டும் தெரிந்தால் சந்தேகச் சரக்கு. கர்ப்பச் சோதனைப் பட்டையில் படிப்பதற்கு இது நேர் எதிர். புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் இதைச் சுவரில் எழுதி ஒட்டிய பிறகே வேலையைக் கொடுங்கள். கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லையென்றால் அந்தப் பட்டை செல்லாது. சோதனைக் கோடு எப்படி இருந்தாலும் முடிவு எழுதக் கூடாது.

சொன்ன நிமிடத்தில் படியுங்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் உலர்ந்த பட்டை வேறு கதை சொல்லும். மங்கலான கோட்டைக் கண்ணால் அளப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும் என்பதால், எண் தேவைப்படும் இடத்தில் பட்டை படிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் தனி அளவுக்கோடு (நிறத்தை எண்ணாக மாற்றும் வரைகோடு) உண்டு. பழைய தொகுதியின் குறியீட்டை மாற்றாமல் புதிய பட்டையைப் படிக்கவைப்பது எண்ணைக் கெடுத்துவிடும். கருவி அளவிடும் உச்சத்தைத் தாண்டிவிட்டால் கரைசலை மேலும் நீர்த்து மீண்டும் ஓட்டி, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள்.

மாதிரிகள் நிறைய இருந்தால்: எலைசா

ஒரு நாளில் பத்து, இருபது மாதிரிகளுக்கு மேல் வந்தால் 96 குழிகள் கொண்ட எலைசா (ஆன்டிபாடியும் நொதியும் கொண்டு நிறத்தால் அளக்கும் முறை) தட்டு சிக்கனம். அடிப்படை அதே போட்டி முறைதான்: நிறம் அடர்ந்தால் நச்சு குறைவு, வெளுத்தால் அதிகம். முதலில் நீலமாக வரும் நிறம் அமிலம் விட்டதும் மஞ்சளாகும். அதை 450 நானோமீட்டரில் படிக்கிறார்கள். அளவு தெரிந்த கரைசல்களை ஒவ்வொரு தட்டிலும் சேர்த்து ஓட்டுங்கள், நேற்றைய அளவுக்கோடு இன்றைக்கு உதவாது. முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் இடையே நேரம் நீண்டால் எண்கள் சாயும் என்பதால் பல முனை பிப்பெட் வேண்டும். கை பழகாதவர்களுக்கு எலைசாவைவிடப் பட்டையே நம்பகமானது.

புற ஊதா விளக்கு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

365 நானோமீட்டர் விளக்கின் கீழ் உடைத்த மக்காச்சோளத்தைப் பரப்பினால், பூஞ்சை தாக்கிய மணிகள் பளிச்சென்ற பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்வதைக் காணலாம். மலிவு, வேகம், கண்ணெதிரே தெரியும் சாட்சி என்பதால் பலருக்கும் பிடித்த முறை. ஆனால் ஒளிர்வது அஃப்ளாடாக்சின் அல்ல. அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலம் உயிருள்ள விதையின் நொதியோடு வினைபுரிந்து உண்டாக்கும் பொருள் அது. ஆகவே ஒளிர்ந்தும் நச்சு இல்லாமல் இருக்கலாம், ஒளிராமலும் நச்சு இருக்கலாம். எந்தச் சரக்கை முதலில் சோதிப்பது என்று வரிசைப்படுத்த மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். வெறும் விளக்கை வைத்து 'பாதுகாப்பானது' என்று சான்று எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கண்ணால் பார்ப்பதற்கும் இதே எல்லை உண்டு. பூஞ்சை இறந்து உதிர்ந்த பின்னும் நச்சு உள்ளேயே இருக்கும், வழக்கமான சமையல் சூட்டில் முழுதாக அழியாது.

பூச்சிக்கொல்லி எச்சத்துக்கு: நொதித் தடைச் சோதனை

காய்கறிகளுக்குப் பரவலாகப் பயன்படும் விரைவு முறை இது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் பூச்சியின் நரம்பில் உள்ள கோலினெஸ்டரேஸ் நொதியைத் தடுத்துத்தான் கொல்கின்றன. அதே தடையை நாம் சோதனைக் குழாயில் அளக்கிறோம். 1961-ல் எல்மன் வெளியிட்ட வினையே இதன் அடிப்படை: நொதி வேலை செய்தால் மஞ்சள் நிறம் கூடிக்கொண்டே போகும், 412 நானோமீட்டரில் அளக்கலாம்.

நறுக்கிய மாதிரியைத் தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) குலுக்கி, தெளிவான பகுதியை எடுத்து, நொதியோடு குறித்த நேரம் வைத்திருந்து, பிறகு வினைப்பொருளைச் சேர்க்க வேண்டும். மாதிரி இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். வெற்றுக் குழாயின் நிற மாற்றத்தில் இருந்து மாதிரியின் நிற மாற்றத்தைக் கழித்து, வெற்றுக் குழாயின் மாற்றத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் தடைச் சதவீதம். சீனத் தேசிய முறை ஒன்றில் 50 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் சந்தேகத்துக்குரியது. வெற்றுக் குழாயிலேயே நிறம் மெதுவாக வந்தால் நொதி கெட்டுவிட்டது, அல்லது அறை குளிர்ந்திருக்கிறது. அன்றைய முடிவுகளை எழுதாதீர்கள்.

இதன் இரு குறைகளை மனத்தில் வையுங்கள். பைரித்ராய்டு, நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள், பூஞ்சைக்கொல்லிகள் எதையும் இது காட்டாது. 'தடை இல்லை' என்றால் 'பூச்சிக்கொல்லியே இல்லை' என்று பொருளல்ல. மறுபுறம், பூண்டு, வெங்காயம், முள்ளங்கி போன்றவற்றின் சாறே நொதியைத் தடுத்துப் பொய்யான சந்தேகத்தைக் கிளப்பும். அவற்றை நறுக்காமல் முழுதாகக் கரைசலில் நனைத்து மேற்பரப்பில் உள்ளதை மட்டும் எடுப்பது ஓரளவு உதவும்.

மற்ற மாசுகள், சுருக்கமாக

கன உலோகங்களுக்குக் கையில் பிடிக்கும் எக்ஸ்ரே ஒளிர்வு கருவிகள் மண்ணைச் சோதிக்க நன்றாக உதவுகின்றன. ஆனால் தீட்டிய அரிசியில் கனிம ஆர்செனிக்குக்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், இத்தனை நுண்ணிய அளவை அந்தக் கருவிகளால் பொதுவாக எட்ட முடியாது. மேலும் அவை மொத்த ஆர்செனிக்கைக் காட்டுமே தவிரக் கனிம வகையைப் பிரித்துக் காட்டா. சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கும் பட்டைகள் உண்டு. அவற்றில் பட்டை ஓடும் நேரம் நிமிடங்களே என்றாலும், அதற்கு முன் கிருமியை வளர்க்க ஓர் இரவாவது ஆகும். உடனடி விடை என்ற விளம்பரத்தை நம்பிச் சரக்கை விடுவிக்காதீர்கள்.

ஆறாம் படி: சோதனையையே சோதித்தல்

நச்சு இல்லை என்று உறுதியான மாவு ஒன்று, அளவு தெரிந்த நச்சுள்ள மாவு ஒன்று. இந்த இரண்டையும் நாள்தோறும் முதல் வேலையாக ஓட்டி, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எண் மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். அவ்வப்போது சில மாதிரிகளின் பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி ஒப்பிடுங்கள். சந்தேகமானவற்றை மட்டும் அனுப்பாமல், சுத்தம் என்று நீங்கள் விட்டவற்றிலும் சிலவற்றை அனுப்ப வேண்டும்; ஆபத்தான பிழை அந்தப் பக்கம்தான் ஒளிந்திருக்கும்.

ஏழாம் படி: முடிவெடுத்தல்

வரம்பு 15 என்றால் 15-ல் கோடு போடாதீர்கள். எந்த அளவீட்டிலும் முன்பின் உண்டு. 14 என்று காட்டிய சரக்கு உண்மையில் 18 ஆக இருக்கலாம். நச்சுள்ள சரக்கில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தப்பிவிடாதபடி வெட்டுப்புள்ளியைத் தாழ்த்தி வைப்பதே சந்தேகச் சரக்கை முதலில் பிரித்தறியும் விரைவுச் சோதனையிடம் ஐரோப்பிய விதிகள் எதிர்பார்ப்பது. சில நல்ல சரக்குகள் சந்தேகத்தில் நிற்கும். அவற்றை எச்பிஎல்சி அல்லது நிறை நிறமாலைமானி என்ற ஆய்வுக்கூடக் கருவிகள் வழியாக உறுதிசெய்ய முடியும் என்பதால் அந்த இழப்பைத் தாங்கலாம்.

பதிவில் இவை இருக்கட்டும்: சரக்கு எண், எடுத்த இடங்களின் எண்ணிக்கை, கூட்டு மாதிரியின் எடை, கிட்டின் தொகுதி எண், காலாவதி நாள், சோதித்தவர், நேரம், கிடைத்த எண். 'நெகட்டிவ்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல் 'இந்தக் கிட்டின்படி இவ்வளவுக்குக் கீழே' என்று எழுதுங்கள்.

சந்தேகச் சரக்கைத் தனியாக ஒதுக்கி, உறுதிச் சோதனை வரும்வரை நகர்த்தாதீர்கள். வேறு மூலையில் மறுபடி எடுத்து நல்ல எண் வரும்வரை சோதிப்பது சோதனை அல்ல. நல்ல சரக்கோடு கலந்து சராசரியைக் குறைப்பதும் கூடாது. ஐரோப்பாவில் அது சட்டப்படியே தடை. உடைந்த, சுருங்கிய, நிறம் மாறிய மணிகளைத் தரம்பிரித்து அகற்றுவது சரியான வழி. நச்சின் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கும் என்பதால் பல சரக்குகள் அப்படி மீள்கின்றன. பிரித்த பிறகு முதல் படியில் இருந்து மீண்டும் சோதிக்க வேண்டும். பிரித்தெடுத்த கழிவை ஆடு மாடுகளுக்குப் போடக் கூடாது. பசு உண்ணும் பி1 நச்சின் ஒரு பங்கு எம்1 என்ற இன்னொரு அஃப்ளாடாக்சினாக மாறிப் பாலில் வந்துவிடும்.

மேசையையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்து, சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். ஆனால் எலைசாவில் மீந்த அமிலத்தை அதே வாளியில் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மெத்தனால் கழிவுக்கும் தனி மூடிய கலம் வையுங்கள்.